முதல் மணி யாருக்கு?

அந்த டாக்ஸி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் அவனுக்கு அமுக்குணி என்று பெயர். வாயைத் திறக்கவே மாட்டான். அப்படிப்பட்டவன் மேல் எப்படிச் சந்தேகம் வராமல் இருக்கும்?

முந்தின நாள் ஒரு டிரைவர், கணினிப் பிரிவின் தலைவி அறைக்கே வந்து சத்தம் போட்டிருந்தார். கொஞ்ச நாளாகச் சவாரியே சிக்குவதில்லையாம். உள்ளே எவனோ விளையாடுகிறானாம்.

யாராவது டாக்ஸி கேட்டால், அந்தச் செய்தி சர்வர் விட்டு சர்வர் தாவி, அக்கம்பக்கத்து டிரைவர்கள் எல்லாருடைய போனுக்கும் கண் இமைப்பதற்குள் போய்விடும். முதலில் தொடுபவருக்குத்தான் சவாரி. அந்த வேகத்துக்காக உயிரைக் கொடுத்து உழைத்தவள் தலைவி.

தோண்டிப் பார்த்தாள். செய்தி கிளம்பும் இடத்தில் அமுக்குணி சத்தமில்லாமல் நாலு வரி செருகியிருந்தான். சிலருக்கு உடனே போகிறது, சிலருக்குக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் போகிறது.

அவன் மச்சானும் இங்கேதான் வண்டி ஓட்டுகிறார் என்று பக்கத்து மேசைக்காரி காதைக் கடித்தாள். அவ்வளவுதான், தலைவிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மனதுக்குள் அவனை வேலையை விட்டே தூக்கிவிட்டுத்தான் கூப்பிட்டாள்.

"யாரைக் கேட்டு நிறுத்தி வெச்சீங்க?"

அமுக்குணி மென்று விழுங்கினான். "பழைய போன்ல மணி அடிக்கறதுக்குள்ள புது போன்காரங்க சவாரியை எடுத்துடறாங்க மேடம். அதான், எல்லாருக்கும் ஒண்ணா அடிக்கட்டும்னு வேகமான போனை மட்டும் கொஞ்சம் காக்க வெச்சேன். கேட்டா நீங்க ஒத்துக்க மாட்டீங்க. சொல்லாம செஞ்சது தப்புதான்."

கதை நன்றாகத்தான் இருக்கிறது என்று தலைவி நினைத்துக்கொண்டாள். இவனுக்கு இவ்வளவு பேச வரும் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

"அப்ப உங்க மச்சானுக்கு இப்ப நல்லா ஓடுமே?"

அவன் தலை குனிந்தான்.

"எங்க மேடம் ஓடுது, அவர்கிட்ட இருக்கறது புது போன். இது என் வேலைன்னு தெரிஞ்சா வீட்டை ரெண்டாக்கிடுவார். நேத்து உங்க ரூமுக்கு வந்து சத்தம் போட்டுட்டுப் போனாரே, அவர்தான் என் மச்சான்."