பதில் நின்றால்

"இருக்கீங்களாண்ணா?"

"இருக்கேன்."

மண்டை திறந்து கிடந்தது. ஆள் முழித்திருந்தான். மூளைக்கு வலி தெரியாது என்று சொல்லியிருந்தார்கள். நிஜம்தான். தலைக்கு மேல் பச்சைத் துணி. துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நர்ஸ் எஸ்தர், அவன் இடக்கையைப் பிடித்தபடி.

இப்படிக் கூப்பிடச் சொன்னது அவன்தான்.

கிணறு வெட்டுகிறவன். ஆழத்தில் கெட்ட காற்று நிற்கும். மேலே கயிறு பிடிப்பவன் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கீழே இருப்பவன் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் இரண்டாம் தரம் கூப்பிடுவது கிடையாது. இழுத்துவிடுவார்கள்.

ஒருமுறை வாய் நிறைய வெற்றிலையோடு பேசாமல் இருந்துவிட்டான். இழுத்துவிட்டார்கள். முழங்கை எல்லாம் சிராய்ப்பு.

"துப்பிட்டுச் சொன்னா உன் சொத்தா போயிரும்?" என்று மேலே கயிறு பிடித்திருந்த நஞ்சப்பன் கத்தினான்.

இங்கேயும் அதே பேச்சு. டாக்டர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பதில் நின்றால் கத்தி நிற்கும். கட்டி மிச்சம் இருந்தால் இருக்கட்டும். அவன் அவனாக வீட்டுக்குப் போக வேண்டும்.

"இருக்கீங்களாண்ணா?"

"இருக்கேன்."

எஸ்தர் வலப்பக்கம் இருந்தாள்.

கண்ணைச் சிமிட்டிப் பார்த்தான். வலக்கை அவள் கைக்குள் இருந்தது. இடக்கையில் ஒன்றுமில்லை.

"எப்பம்மா இந்தப் பக்கம் வந்த?"

"அப்பவே வந்துட்டேனே! கை மரத்துப்போச்சு, இந்தப் பக்கம் வான்னு நீங்கதானண்ணா சொன்னீங்க." மாஸ்க்குக்குள் சிரித்தாள். "சேவலுக்குப் பயந்து கக்கூஸ்ல ஒளிஞ்சேன்னு சொன்னீங்களே, எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்ல."

அதை அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. இவளிடம் சொன்ன ஞாபகமும் இல்லை.

கெட்ட காற்று என்றால் தலை சுற்றும். காது அடைக்கும். கண் இருட்டும். போகிறோம் என்று போகிறவனுக்குத் தெரியும்.

இங்கே இருட்டுகூட இல்லை. இடப்பக்கம் இருந்தவள் வலப்பக்கம் இருந்தாள். அவ்வளவுதான்.

அதுவரை கிணற்றுக்குள் யார் நின்றுகொண்டு பதில் சொன்னது?



"அருமையாப் பேசறாரு," துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர் குரல். "ஒரு தடுமாற்றம் இல்ல. இன்னும் கொஞ்சம் உள்ள போகலாம்."

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் நம்புவார்களா? இவ்வளவு நேரம் சிரிக்கச் சிரிக்கப் பேசியவன் நானில்லை என்றால், பயத்தில் உளறுகிறான் என்பார்கள்.

பேசாமல் இருந்துவிட்டால் போதும். கத்தி நின்றுவிடும்.

பல்லை இறுகக் கடித்துக்கொண்டான்.

"இருக்கீங்களாண்ணா?"

பல் விலகியது. நாக்கு அசைந்தது.

என்ன சொல்லப்போகிறது என்று அவனும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.