தடித்த எழுத்துக்குக் கிடைத்த இடம்

கவராயமும் அளவுகோலும் கொண்டு வரையப்பட்ட தடித்த எழுத்துக்குச் சுவரொட்டித் தலைப்பாக நிற்பது மட்டும் போதவில்லை. இருமல் மருந்துப் புட்டியின் சீட்டிலும் தானே நிற்கவேண்டும் என்று அச்சகத்தில் அடம்பிடித்தது.

"அந்த வேலை என்னுடையது, அண்ணாச்சி," என்றது மெல்லிய எழுத்து.

"பொடிப்பயலே, உன்னை எவன் ஏறெடுத்துப் பார்க்கிறான்?"

"பார்க்கவேண்டாம். எத்தனை கரண்டி என்று படித்தால் போதும்."

பிடிவாதம் வென்றது, தடித்த எழுத்தே அச்சேறியது. உருவம் சிறுத்ததும் அதன் வட்டங்களெல்லாம் மையால் அடைபட்டு வெறும் கரும்புள்ளிகளாயின. "எறும்பு மொய்த்த புட்டியை யார் ஐயா வாங்குவார்?" என்று மருந்துக்கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். சீட்டு மெல்லிய எழுத்துக்கே போயிற்று.

தடித்த எழுத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்துச் சந்துச் சுவரில் ஒட்டினார்கள்: "இங்கே சிறுநீர் கழிக்காதீர்." அது மார்பை நிமிர்த்தி நின்றது. வந்தவர்கள் எல்லோரும் அதை நிதானமாகப் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே கழித்தார்கள்.