ஆறு மணி விசில்

எங்கள் ஊரில் மாலை ஆறு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் விசில் ஊதினால் எல்லாரும் நின்ற இடத்தில் நின்றுவிட வேண்டும். கொடி இறங்கி முடியும்வரை அசையக் கூடாது. பைக் டாக்சிக்காரன் ஒரு காலை ஊன்றி நிற்பான். சலூனில் ஒருத்தர் பாதித் தாடியோடு உட்கார்ந்திருப்பார். ஆடுகளுக்கு மட்டும் தேசபக்தி கிடையாது, அவை பாட்டுக்கு மேயும்.

அன்றைக்கு ஆடுகளோடு சேர்ந்துகொண்டவள் மீன் விற்கும் அவினோ.

பிடித்தது சாதாரண ஆள் இல்லை. போன வாரம்தான் நைரோபியிலிருந்து மாற்றலாகி வந்த துணைக் கமிஷனர் முலாண்டி. மீன் கூடையோடு அவளைத் தன் காரிலேயே ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்துவிட்டார். நாட்டுப்பற்று என்றால் அப்படி இருக்க வேண்டும்.

"சார்ஜென்ட், இவளை உள்ளே தள்ளுங்க. கொடி இறங்குது, இவ பாட்டுக்குக் கடைத்தெருவுல நடந்து போறா."

சார்ஜென்ட் ஒயூகி அப்போதுதான் கொடியை மடித்து வைத்துவிட்டு வந்திருந்தார். கம்பத்தைப் பார்த்து சல்யூட் அடித்து நின்றவருக்கு, முதுகுக்குப் பின்னால் தெருவில் நடந்தது எப்படித் தெரியும்?

"ஐயா, நான் வந்து..." என்று ஆரம்பித்தாள் அவினோ.

"வாயை மூடு. இந்தக் கொடிக்காக எத்தனை பேர் ரத்தம் சிந்தினாங்க தெரியுமா? உனக்கு நாட்டைவிட நாலு மீன் பெரிசாப் போச்சு."

"ராத்திரி உள்ளே வச்சா மீன் கெட்டுடும் ஐயா. இதை வித்தாத்தான் நாளைக்குப் படகுக்காரன்கிட்ட மீன் எடுக்க முடியும்."

"கெடட்டும். ஏற்கெனவே என் கார் பூரா நாறுது. எங்க ஊர்ல கைக்குழந்தைகூட விசில் கேட்டா அழுகையை நிறுத்திடும். இங்கே ஒழுங்குன்னா என்னன்னே யாருக்கும் தெரியலை. இவளை விட்டா நாளைக்கு ஊரே நடக்கும்."

ஒயூகிக்கு மீன் கூடையைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே.

"ஏம்மா, விசில் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு ஐயா."

"பின்னே ஏன் நிக்கலை?"

"நின்னேன் ஐயா. கூடையைத் தலையில வச்சுக்கிட்டு அசையாமத்தான் நின்னேன். பின்னாடியே ஒரு கார் வந்து ஹார்ன் அடிச்சுது. 'நகரு, நகரு'ன்னு கத்தினாங்க. கடைத்தெருவுல ஒதுங்க இடமில்லை. முட்டிடுவாங்களோன்னு பயந்து நடந்தேன். தண்ணித்தொட்டி வரைக்கும் விரட்டிக்கிட்டே வந்தாங்க."

ஒயூகிக்கு ரத்தம் கொதித்தது. அவர் கொடி இறக்கிக்கொண்டிருக்கும்போது ஹார்னா?

"விசில் ஊதினதுக்கு அப்புறமா கார் ஓட்டினான்? எவன் அவன்? முதல்ல அவனைத்தான் உள்ளே வைக்கணும். என்ன ஐயா சொல்றீங்க?"

முலாண்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, விடுங்க சார்ஜென்ட். ஏழைப் பொம்பளை, பாவம். மீன் வேற கெட்டுப்போயிடும். போகட்டும்."

இரண்டு நிமிஷத்தில் மனுஷருக்கு எவ்வளவு கருணை.

"இவ போகட்டும் ஐயா. அந்தக் கார்க்காரனை எப்படி விடறது? நீங்கதானே சொன்னீங்க, ஒருத்தனை விட்டா ஊரே கெட்டுடும்னு." ஒயூகி அவினோ பக்கம் திரும்பினார். "வண்டி நம்பர் பார்த்தியாம்மா?"

அவினோ கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"நம்பரெல்லாம் பார்க்கலை ஐயா. வண்டி வாசல்லதான் நிக்குது. அதுலதானே என்னை ஏத்திக்கிட்டு வந்தாரு."