ஜீவராஜின் பெயரில்

கேமராவுக்கு முன்னால் உட்காரும் முன் ஜீவராஜ் மூன்று விஷயங்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

ஏழு வாரமாக ஆலோசனை சொல்லும் மிஸ்ஸுக்கு போனில் எழுதி வருவது அவன்தான். மழை பெய்தால் அவனுக்குத் தூக்கம் வராது. அவன் இன்னும் நடமாடுவது மனைவியின் புண்ணியத்தில்.

“மூணாவது எதுக்கு?” என்றான்.

“எழுதி அனுப்பியாச்சு. இனி மாத்த ஏலாது,” என்றாள் அவன் மனைவி பிரேமினி.

போன கார்த்திகை மழையில், பூண்டுலோயாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்தது. குசினியோடு சேர்த்து ஜீவராஜையும் மூடியது. உயிரோடு எடுத்தார்கள். எட்டு நாள் ஆஸ்பத்திரி. பிறகு பள்ளிக்கூடத்தில் முகாம். இப்போது வேறொரு லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா.

முகாமில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். மனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு போன் மூலம் இலவச ஆலோசனை.

ஜீவராஜ் படித்துவிட்டுச் சிரித்தான். எனக்கென்ன பைத்தியமா என்று கேட்டுவிட்டு, அந்தத் தாளிலேயே வடையை வைத்துத் தின்றான்.

எண்ணெய்க் கறைக்கு நடுவே நம்பரைத் தேடி எடுத்த பிரேமினி, அவன் பெயரைக் கொடுத்துப் பதிந்தாள்.

கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும், ஒவ்வொரு புதன்கிழமையும் அவள் ஜீவராஜாக மாறினாள். கண்டியிலிருந்து அசீசா மிஸ் கேள்வி அனுப்புவார். இவள் பதில் எழுதுவாள். அவன் மனதில் என்ன இருக்கும் என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. எழுத எழுத வந்தது. ஏனோ புதன்கிழமைகளில் மட்டும் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

உங்கள் மனைவி உங்களுக்கு உறுதுணையாக இருக்கிறாரா என்று மிஸ் ஒரு வாரம் கேட்டிருந்தார்.

பிரேமினி கூசாமல் எழுதினாள்: ‘அவளைப் போல ஒருத்தி கிடைக்க நான் குடுத்து வைத்திருக்க வேண்டும். ஆளும் நல்ல அழகு.’

எட்டாவது வாரம் மிஸ், முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்றார்.

“ஏங்க, ஒரு தடவ மட்டும் உக்காருங்க. இல்லாட்டி ஆள்மாறாட்டம்னு கேஸ் போட்ருவாங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜீவராஜ் சவரம் செய்து, கல்யாணச் சட்டை போட்டு உட்கார்ந்தான். போன் சீனி டின்னில் சாய்ந்து நின்றது. குசினிக் கதவுச் சீலைக்குப் பின்னால், மிஸ்ஸின் கண்ணுக்குப் படாத இடத்தில், பிரேமினி.

“மழ பேஞ்சா தூக்கம் வராது மிஸ்,” என்று அவர் கேட்கும் முன்பே ஒப்பித்தான். “நான் நடமாடுறதே என் சம்சாரத்தோட புண்ணியம்.”

மிஸ் சிரித்தார். தூக்கம் வராதபோது என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

அது பாடத்தில் இல்லை.

ஜீவராஜ் ஓரக்கண்ணால் சீலையைப் பார்த்தான். பிரேமினி ஒரு விரலை மூக்குக்குக் கீழே குறுக்காக வைத்துக் காட்டினாள். அவன் விழித்தான். அவள் இன்னும் அழுத்தமாக வைத்துக் காட்டினாள்.

“மூக்குப்பொடி போடுவேன் மிஸ்.”

பிரேமினி தலையில் அடித்துக்கொண்டாள்.

மிஸ் எதையோ புரட்டினார். “பக்கத்துல படுத்திருக்கிறவங்களுக்கு மூச்சு வருதான்னு விரல் வச்சுப் பாப்பேன்னு எழுதியிருந்தீங்களே?”

“அது அவ மிஸ்!” வாய் முந்திக்கொண்டது. “மழ வந்தா விரல வச்சு வச்சு என் தூக்கத்தக் கெடுக்குறதே அவதான்.”

சீலைக்குப் பின்னால் ஓர் அகப்பை உயர்ந்தது.

மிஸ் இப்போது சிரிக்கவில்லை. மண் விழுந்த அன்றைக்கு நடந்ததில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார்.

“ஒண்ணுமே இல்ல மிஸ். ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தேன். கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரி.”

இதற்கு அவன் சீலையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“போன வாரம் நீங்க எழுதினத வாசிக்கிறேன்,” என்றார் மிஸ். “‘சேத்துக்கு மேல ஒரு கை மட்டும் தெரிஞ்சிச்சு. உயிரோட இருக்கிற கையான்னு தெரியல.’”

ஜீவராஜ் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே கிடந்தவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

எழுந்து போய்ச் சீலையை விலக்கினான். அகப்பையை வாங்கி வைத்தான். அவளைக் கூட்டிவந்து தன் நாற்காலியில் உட்கார வைத்தான்.

“எனக்கு என்ன மிஸ்?” பிரேமினி அவசரமாகச் சொன்னாள். “எனக்கு ஒண்ணும் ஆகல. நான் வெளியதானே நின்னேன்.”

மிஸ் புரட்டிக்கொண்டிருந்ததை மூடி வைத்தார். கேஸ் போடுகிற முகமாகத் தெரியவில்லை.

ஜீவராஜ் குசினிக்குப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தான். அது கொதிக்கத் தொடங்கியது. பிறகு அவள் குரல் கேட்டது. நின்றது. மறுபடி தொடங்கியது. அதன் பிறகு நிற்கவே இல்லை.

அவன் கோப்பையோடு சீலையை ஒதுக்கிக்கொண்டு வந்தபோது, அவள் மூக்கைச் சிந்திச் சிந்திப் பேசிக்கொண்டிருந்தாள்.

“கையாலேயே தோண்டினேன் மிஸ். ஆளுங்க வர்ற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே தோண்டினேன். கல்யாணமாகி ஒம்போது வருஷம், ஏங்கன்னுதான் கூப்பிட்டிருக்கேன். ஏங்க ஏங்கன்னா மண்ணுக்குள்ள இருக்கிறவருக்கு யாரக் கூப்பிடுறேன்னு தெரியுமா? பேரச் சொல்லித்தான் கத்தினேன். ‘டேய் ஜீவராஜ், வாடா வெளிய’ன்னு, லயமே கேக்கக் கத்தினேன்.”

ஜீவராஜ் கோப்பையைச் சீனி டின்னுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“டேயா?” என்றான்.