வண்டியில்தான் கோளாறு

வண்டியில் ஏதாவது கோளாறு இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பானட்டுக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக்கின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நாளாகவே என் மனைவிக்கு ஆயில் கருகுகிற வாடை வந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை. "வீட்டுக்குள்ளயும் வருதா?" என்று கேட்டால், "சேச்சே, வண்டியிலதாங்க" என்பாள்.

மற்ற வீடுகளில் இது ஒரு சின்னச் சண்டையோடு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படி விடமுடியாது. போன வருஷம் அவள் தலையிலிருந்து ஒரு கட்டியை எடுத்த டாக்டர், தையல் பிரித்த அன்றே சொல்லி அனுப்பியிருந்தார். வேறு யாருக்கும் தெரியாத கருகல் வாடை இவருக்கு மட்டும் வந்தால், உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அதனால் நான் மூக்கே கண்ணாக வண்டி முழுக்க மோப்பம் பிடித்தேன். குடும்பமே ஏறட்டும் என்று வாங்கிய பெரிய வண்டி. மோந்து முடிக்கவே அரை நாள் ஆனது. கால் மிதியைக்கூட விடவில்லை. பின் சீட்டுக்கு அடியில் சின்னவளின் சாக்ஸ் ஒன்று கிடைத்ததுதான் மிச்சம். அது வேறு வாடை.

இன்று காலை, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு அவளும் நானும் திரும்பும்போது, எனக்கும் வந்தது.

நல்ல கெட்டியான, தொண்டையைக் கமறவைக்கிற ஆயில் கருகல். பானட் ஓரத்தில் லேசாகப் புகைகூட.

"எனக்கும் வருது! எனக்கும் வருது!" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு கத்தினேன். பக்கத்தில் வந்த வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். வண்டி புகைகிறதென்று குதூகலிக்கிற ஆளை அவர் அதற்குமுன் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அவளும் சிரித்தாள். "நான்தான் சொன்னேனே. என் தலை நல்லாத்தான் இருக்கு, வண்டிக்குத்தான் கோளாறு."

நேராக இங்கே வந்துவிட்டோம். அவள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

மெக்கானிக் ஒருவழியாகத் தலையை வெளியே எடுத்தார்.

"கேஸ்கெட் நல்லாருக்கு சார். சீலும் நல்லாருக்கு. எங்கயும் ஒழுகல."

"நல்லாப் பாருங்க தம்பி. கண்டிப்பா ஒழுகும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோளாறு உண்டு என்று சாதிப்பது வழக்கமாக மெக்கானிக்கின் வேலை.

"இல்ல சார். ஆயில் மூடி இந்தக் கோடியில இருக்கு. புகை போற பைப்பு அந்தக் கோடியில. ஆனா ஆயில் அந்தப் பைப்பு மேலதான் கெடக்கு. ஊத்தும்போது கை தவறிச் சிந்தினதுன்னுகூடச் சொல்லமுடியாது. யாரோ வேணும்னே ஊத்தியிருக்காங்க. மத்தபடி நல்ல வண்டி சார், ஒரு குறையும் இல்ல."

இவ்வளவு கெட்ட செய்தியை இவ்வளவு சந்தோஷமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிள்ளைகளுக்கு பானட் எட்டாது. எனக்கோ பானட்டைத் திறக்கிற கொக்கி எங்கே இருக்கிறதென்றே தெரியாது. தண்ணீர் ஊற்றுவது, ஆயில் பார்ப்பது, டயருக்குக் காற்றடிப்பது எல்லாம் அவள் இலாகா. என் இலாகா ஹாரன்.

பெஞ்சைப் பார்த்தேன். அவள் ஒரு குச்சியால் நகக்கண்ணிலிருந்து எதையோ நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் ஆபரேஷன் அவளுக்கு. மயங்கி விழுந்தது நான். பக்கத்துக் கட்டிலில் போட்டு எனக்கும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தலையில் கட்டோடு அவள்தான் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"துடைச்சு விட்ருங்க தம்பி" என்றேன். "அவ கேட்டா, கேஸ்கெட் மாத்தினதாச் சொல்லுங்க."

அவர் பெஞ்சை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு துணியை எடுத்துக்கொண்டு குனிந்தார். துடைத்து முடித்ததும் இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். புகை இல்லை. வாடை இல்லை.

"சின்னக் கசிவுதானாம். அடைச்சாச்சு" என்று அவளிடம் போய்ச் சொன்னேன்.

"அப்பாடா" என்று நெஞ்சில் கை வைத்தாள். நன்றாகவே நடித்தாள். நானும் மோசமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கிளம்பினோம். மூச்சை இழுத்துப் பார்த்தேன். வெறும் காற்று. ஒன்றுமே இல்லை.

தெருமுனை தாண்டியதும் அவள் சத்தமில்லாமல் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, முகத்தை வெளிக்காற்றில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு இடப்பக்கம் திரும்பவேண்டும். ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகவேண்டும்.

நான் திரும்பவில்லை.

கொஞ்ச தூரம் போனபிறகு, வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"பிள்ளைங்க வந்து நிக்கும். சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வந்திருக்கலாம்."