துரைசானியின் டான்ஸ் சேலை

"பாக்கறதுக்குக் கிழிசலாத் தெரியணும், ஆனா ஆடும்போது கிழியக் கூடாது. கிறிஸ்மஸ் டான்ஸுக்கு நம்ம துரைசானி கட்டப்போற சேலை, பாத்துத் தெய்யி கெங்கம்மா" என்று துணியைக் கொடுத்துவிட்டுப் போனார் பங்களா பட்லர் அப்பாவு.

ராயபுரத்தில் வீட்டோடு தையல் வேலை செய்யும் கெங்கம்மாவுக்குத் தலை சுற்றியது. வெள்ளைக்காரர் நாகரிகம் என்ன கண்றாவியோ! நல்ல துணியை அங்கங்கே கிழித்து, ஒவ்வொரு கிழிசலுக்கும் உள்ளே வேறு துணி கொடுத்து, ஓரம் பிரியாமல் மடித்துத் தைத்து, ஒட்டுப் போட்டு முடிப்பதற்குள் கண் பூத்துப் போயிற்று.

பங்களாவுக்குக் கொண்டுபோனாள். துரைசானி சேலையைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பிறகு கெங்கம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். முகம் மலர, இங்கிலீஷில் ஏதோ சொன்னாள்.

"இன்னா நைனா சொல்றாங்க?"

அப்பாவு தரையைப் பார்த்தார். "டான்ஸுல ஆளுக்கொரு வேஷம் போடுவாங்களாம். இவங்க பிச்சைக்காரி வேஷம். நீ தெச்சது ரொம்ப சுத்தமா கீதாம். நீ கட்டிகினு கீற சேலைதான் தோதா கீதாம். அத்தக் குடுத்துட்டு, இத்தக் கட்டிகினு போவச் சொல்றாங்க."

கெங்கம்மா முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பங்களாவுக்குப் போகிறோமே என்று, பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிய கல்யாணச் சேலை அது.