ஒரே இழுப்பு

நில்லாஸ் தன் பழைய பனிவண்டியை விற்கிறான். என் மைத்துனன் என்பதால் நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். காலை வெயில் பனியில் பட்டுக் கண் கூசுகிறது. குளிரோ பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து. வாங்க வந்திருக்கும் ரிஸ்தென் நாளைக்கே நானூறு பனிமான்களைக் கடற்கரைக்கு ஓட்டிப் போக வேண்டும். அவள் வண்டி நேற்று நடுவழியில் உயிரை விட்டுவிட்டது. பூட்ஸுக்கடியில் பனி நறநறக்க, நில்லாஸின் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். "எண்ணூறு சிசி அக்கா. எந்த மலையா இருந்தாலும் ஏறிடும்." "ஏறும். எறங்கறப்ப நிக்குமா?" "நிக்கும்... அதுக்கு மனசு வந்தா." "பெட்ரோல்?" "கொஞ்சம் குடிக்கும்." "உங்கப்பா மாதிரியா?" "அவரு பரவாயில்லக்கா." "இது போடற சத்தத்துக்கு என் மானெல்லாம் ரஷ்யாவுக்கே ஓடிடும்." நில்லாஸ் தொண்டையைச் செருமுகிறான். "ஆனா ஒண்ணு. எந்தக் குளிர்லயும் ஒரே இழுப்புல கெளம்பிடும். மூணு நாளா இத நான் தொடவே இல்ல. இப்பப் பாருங்க," என்று என்ஜினைக் கிளப்பும் கயிற்றின் பிடியைப் பற்றுகிறான். ரிஸ்தென் அவனைப் பார்க்கவில்லை. மான்தோல் விரித்த தன் கூண்டை விட்டுவிட்டு, என்ஜின் மூடியின் மேல் சுருண்டு, சுகமாகக் குறட்டை விடும் அவன் நாய் முஸ்தியைப் பார்க்கிறாள். "கயித்த விடு தம்பி. உள்ள போய் காபி குடிப்போம். என்ஜின் ஆறி, உன் நாய் குளிர் தாங்காம எறங்கி வரட்டும். அப்பறம் இழு." அவள் கதவைத் திறந்து உள்ளே போகிறாள். நில்லாஸ் குனிந்து நாயின் காதில் கெஞ்சுகிறான்: "முஸ்தி, எறங்கிடாதடா."